கரையோரம் முழுகிக் கிடந்த படகு

கோமதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ எழுதியிருந்த ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். "குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது அந்தப் படகை விறகுக்குப் போட்டுவிட்டு, நீ மட்டும் என்னிடம் வந்துவிடு அம்மா" என்று எழுதியிருக்கிறாய். 'நீ மட்டும்' என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். உன் கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவருக்கு எழுத்து தெரியாமல் இல்லை. நான் வாசித்தால் நீயே எதிரில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கிறதாம். இந்த முறை அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "நடுவுல ஏதோ விட்டுட்டியே" என்றார். "ஒண்ணுமில்ல, ஈரோட்டுல தண்ணிக் கஷ்டமாம்" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நம்பவில்லை என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்தது.

மைன்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் உனக்கு எழுதியிருந்தேன். இப்போது உள்ளதை எழுதுகிறேன். இதயம் வீங்கியிருக்கிறதாம். கட்டிலிலிருந்து குளியலறை வரை போய் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். மெட்ராசுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, வரச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். ஒரே பெண், ஈரோட்டில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது, கோமதி. நீ வீட்டுக்கு வருகிற நாட்களில் என்னோடு பேசுவாய், அடுப்படியில் உட்கார்ந்து சிரிக்கக்கூடச் செய்வாய். அவர் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவாய். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். உன் குழந்தை குமரன் போன பிறகு, காரியம் முடிந்த அன்று, உன் ஊர்க்காரர் யாரோ உன்னிடம் வந்து சொன்னார்கள். உன் அப்பன் காலையிலேயே படகோடு வெள்ளத்தின் கரைக்கு வந்துவிட்டான், தண்ணீரைப் பார்த்துப் பயந்துபோய்ப் படகைக் கரையோரமாகவே மூழ்கடித்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நின்றான் என்று. நீ அவரிடம் போய், "காலையிலேயே வந்துட்டீங்களாமே?" என்று கேட்டாய். அவர் "ஆமாம்மா" என்றார். அதோடு நின்றது உங்கள் பேச்சு. நான் வாயைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பிள்ளையப் பறிகொடுத்தவகிட்டப் போய் ஞாயம் பேசணுமாட்டி? விடு" என்றார். விட்டேன். இனிமேல் விட முடியாது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர் படகை மூழ்கடித்துத்தான் வைத்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஏன் அப்படிச் செய்தார் என்பதைத்தான் யாரும் உனக்குச் சொல்லவில்லை. அதற்கு அந்தப் படகு வந்த கதையிலிருந்து சொல்ல வேண்டும். பொறுமையாக வாசி. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாசி. கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

உன்னைக் கட்டிக்கொடுத்த வருஷமே உன் புகுந்த ஊர்ப் பக்கம் வெள்ளம் வந்தது, நினைவிருக்கிறதா? மாப்பிள்ளையின் தறிக்குழியில் தண்ணீர் ஊறியதைப் பார்த்துவிட்டுத்தான் மழை பலமாக வரப்போகிறது என்று தெரிந்துகொண்டதாக நீயே சொல்லியிருக்கிறாய். ஊரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் நின்றபோது அப்பா குறிஞ்சிப்பாடி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நடந்து பார்த்தார். ஆட்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் வடிந்தது, நீ நல்லபடியாக இருந்தாய். ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து பித்துப் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். "மைன்ஸ்ல அத்தன தண்ணிய இறைச்சு வெளிய தள்ளுதேன். எம் பிள்ளை இருக்க எடத்துக்குப் போய்ச்சேர வழி இல்லயே" என்று புலம்புவார். பிறகு ஒரு நாள் கடலூர் துறைமுகத்துக்குப் போய், கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு பழைய பலகைப் படகை விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் தோட்டத்தில் இறக்கினார். பிளாக்கே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நெய்வேலியில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். உன் வீட்டிலேயே கொண்டுவந்து விடுவதாகத்தான் அவருக்கு எண்ணம். உன் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வாசலில் படகைக் கட்டி வைத்தால் வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி ஆகிவிடும், வேண்டாம் சம்பந்தி என்றார். அதனால்தான் அது இங்கே வேப்பமரத்தடியில் நின்றது.

அந்த முதல் மழைக்காலத்தில் ஒரு பெரிய தார்ப்பாயைப் போட்டு, நுனி தெரியாமல் மூடி, கயிற்றை இறுக்கி இறுக்கித் தரையோடு முளையடித்துக் கட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று எல்லாரிடமும் சொன்னார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் தார்ப்பாயை அவிழ்த்தோம். உள்ளேயிருந்து வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வாரக்கணக்கில் துவைக்காமல் சுருட்டி வைத்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம். பலகையெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. ஓரத்தில் சின்னச் சின்னக் காளான். உள்ளே சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்தால் கையோடு பிய்ந்து வந்தது. அடிப்பலகை ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பழுத்த பப்பாளியில் இறங்குவது மாதிரி விரல் இறங்கியது. தார்ப்பாயில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று, நாங்கள் இரண்டு பேரும் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஓட்டையே இல்லை. மறுபடியும் மூடிவிட்டு, ஒரு மழை முடிந்ததும் அவர் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"ஏட்டி, மேல இருந்து வரல இது. உள்ளயே வேர்க்குது" என்றார்.

"படகு வேர்க்குமா?"

"தரை ஈரம் மேல ஏறுது. போக வழி இல்லாம தார்ப்பாயில முட்டி, குளுந்து, திரும்பச் சொட்டுது. மைன்ஸ்லயும் இதே கததான். மேல பெய்யுத மழைக்கு எவனும் பயப்படல. கீழ இருந்து முட்டுத தண்ணிக்குத்தான் நிப்பாட்டாம மோட்டார் ஓட்டுதோம்."

அதன் பிறகு அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் அந்தப் படகுதான். தண்டவாளத்துப் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடியில் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கினார். கட்டைகளுக்குக் கீழே மண்ணின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தார். தேங்குகிற தண்ணீர் தானாக ஓடிவிட வேண்டும் என்று முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கம் அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கி வைத்தார். மூங்கிலை வளைத்து, வண்டிக்குக் கூண்டு கட்டுவது போல் கட்டி, தார்ப்பாய் பலகையில் படாமல் அதன் மேல் போட்டார். இரண்டு முனையிலும் காற்றுப் போகத் திறந்துவிட்டார். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது போதும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவர் மனதில் அந்த விரல் இறங்கியது போகவே இல்லை. நடுத்தண்ணீரில் உன்னை ஏற்றிக்கொண்டு வரும்போது அடிப்பலகை பிய்ந்துகொள்கிற மாதிரி ஒரு பயம். தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பார். கேட்டால் சொல்ல மாட்டார்.

அடுத்த கோடையில் நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது பார்த்திருப்பாய். வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துப் படகுக்குள்ளே பல்பு போட்டு வைத்திருந்தார், ஈரம் அண்டக்கூடாது என்று. அடுப்புக்கரியைத் தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்தார். மண்சட்டிகளில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு மூலைக்கு மூலை வைத்தார். அது ஈரத்தைக் குடித்துப் பூத்துப் பொடியாகிவிடும், உடனே வேறு கல் மாற்றுவார். சுண்ணாம்புக்கு வெளிக்காற்று பட்டால் வீணாகிறது என்று சொல்லி, திறந்துவிட்ட இரண்டு முனைகளையும் மறுபடி சேர்த்துக் கட்டினார். நெய்வேலி வெயில் உனக்குத் தெரியாததா! அந்தக் கூண்டுக்குள் கையை விட்டால் அடுப்புக்குள் விட்டது மாதிரி இருக்கும். குமரன் பிறந்து உன் பக்கத்தில் கிடக்கிறான், இவர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகுப் பலகையில் அவனுடைய உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாரு, ஒரு பொட்டு ஈரம் இல்ல. தாத்தா உனக்காகத்தாம்ல வச்சிருக்கேன்" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரித்தாய். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை மாதிரி கோடுகள் விழுந்திருந்தன. அவர் அதைப் பார்க்காமல் இல்லை. வெறும் பெயின்ட் வெடிப்பு என்று நினைத்து, மேலே இன்னொரு பூச்சுப் பூசிவிட்டார். பிறகு குழந்தையோடு நீ உன் வீட்டுக்குப் போனாய்.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க வானம் காய்ந்தே கிடந்தது. கார்த்திகையில் பிடித்துக்கொண்டது பார், நிறுத்தவே இல்லை. ஒரு நாள் காலையில் அப்பா ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கோவிந்தன் தலையில் கோணிச்சாக்கோடு ஓடி வந்தான். உன் ஊரில் பக்கத்துத் தெருக்காரன், மைன்ஸில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன். அவனை உனக்குத் தெரியும்.

"யம்மா, சார் இருக்காருங்களா? ஏரிக்கர ஒடச்சிக்கினு போயிடுச்சிங்க. நேத்தி மத்தியானமே தண்ணி ஊருக்குள்ள பூந்துடுச்சாம். உங்க பொண்ணு வூட்டுப் பக்கமெல்லாம் ஜனங்க கூரை மேல ஏறிக்கினு இருக்காங்களாம்" என்றான்.

அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே ஓடினார். மண் லாரி ஓட்டுகிற ஒரு டிரைவரை வீட்டு வாசலிலேயே மறித்து, கும்பிட்டு, படகை ஏற்றினார். நான் குழந்தைக்குச் சுற்ற இரண்டு பழம்புடவையும், கொஞ்சம் பாலும் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர் படகின் மேல் கையை வைத்தபடியே வந்தார். உனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கோமதி. அந்த மழையிலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டோம் என்கிற மாதிரி.

குறிஞ்சிப்பாடி தாண்டி ரோடு தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் லாரி நின்றது. எதிரே கடல் மாதிரி கிடந்தது. பனைமரங்கள் அடி தெரியாமல் தண்ணீருக்குள் நின்றன. நடுவில் உடைப்புத் தண்ணீர் மண் நிறமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. காலையில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம் இருக்கும். படகை இறக்கி, அப்பாவும் கோவிந்தனும் ஏறிக் கழியை ஊன்றித் தள்ளினார்கள். ஆம், கோமதி, அவர் உடனே கிளம்பினார். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கொஞ்ச தூரம்தான் போனார்கள். படகு ஏன் இப்படித் தாழ்ந்து போகிறது என்று நான் கரையிலிருந்து பார்க்கிறேன். கோவிந்தன் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுகிறான், தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓட்டம் இருக்கிற இடத்தை நெருங்கியதும் படகு குறுக்கே திரும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பேரும் குதித்தார்கள். கோவிந்தனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது; ஒரு பனையைக் கட்டிப்பிடித்துத்தான் பிழைத்துக் கரையேறினான். அப்பா கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு படகைக் கரைக்கு இழுத்து வந்தார். வந்ததும் குனிந்து பலகை இடுக்குகளில் நகத்தை ஓட்டினார். ஒவ்வொரு இடுக்கிலும் நகம் உள்ளே போனது. முன்னேயிருந்து பின்னே வரை.

"ஏட்டி, காஞ்சிட்டு" என்றார். "காயப்போட்டுக் காயப்போட்டுப் பலகையெல்லாம் சுருங்கிட்டு. இது படகு இல்ல, சல்லடை."

அந்தக் குரலை நீ கேட்டதில்லை. நானும் அதற்கு முன்னே கேட்டதில்லை.

வேறு படகுக்கு ஆள் அனுப்பினோம். இருந்த ஒன்றிரண்டும் வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. வாழைமரத்தை வெட்டிக் கட்டிய தெப்பம் ஒன்று எங்கள் கண்ணெதிரே ஓட்டத்தில் பிரிந்து போனது. அப்பா நீந்தியே போய்விடுகிறேன் என்று இறங்கினார். டிரைவரும் கோவிந்தனும் இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வந்து சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்தார். நான் கொண்டு வந்திருந்த புடவைகளைக் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன். லாரியில் இருந்த கிரீஸைத் தடவி, திரித்து, ஸ்க்ரூ டிரைவரால் இடுக்கு இடுக்காக அடைத்தார். மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் இடுக்கு மூடும், அதற்கு வேறு வழியில்லை என்றார். படகுக்குள் கல்லைப் போட்டு, கரையோரமாகத் தண்ணீருக்குள் அமுக்கினார். மரம் மேலே மேலே கிளம்பி வந்தது. அவர் அதன் மேல் நெஞ்சை வைத்துப் படுத்து அமுக்கிக்கொண்டு நின்றார். கழுத்தளவு தண்ணீரில், மழையில்.

அதைத்தான் ஊர் பார்த்தது. ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் கத்தினான்.

"யோவ், படகக் கொண்டாந்து முழுக வச்சிக்கினு நிக்கிறியே! பயமா இருந்தா எங்க கையில குடுய்யா, நாங்க போறோம்!"

"எடுத்துட்டுப் போங்கய்யா. புண்ணியமாப் போகும்" என்று அப்பா விலகி நின்றார். இரண்டு பேர் தண்ணீரை இறைத்துவிட்டு ஏறினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள், படகில் முழங்கால் அளவு தண்ணீரோடு. கத்தியவன் அதற்குள் போய்விட்டான். உன்னிடம் வந்து சொன்னது அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவன் பாதியைப் பார்த்துவிட்டுப் போனவன். அப்பா மறுபடியும் படகை அமுக்கினார். நான் கரையில் நின்று கத்தினேன். பிள்ளை அங்கே நனைந்துகொண்டிருக்கிறாள், இது போதும், எடுங்கள் என்று அவரை என்னவெல்லாமோ சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நான் மட்டும் முழுகுததுன்னா இப்பமே போயிருவேன்ட்டி. கொஞ்சம் ஊறிட்டு, இனி போகும்போது முழுகாது. அவளையும் பிள்ளையையும் ஏத்திட்டுத் திரும்பும்போதுதான் முழுகும். அதுக்கா போகச் சொல்லுத?"

அன்றைக்கு நான் அந்தக் கரையில் நின்று அவரை வெறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே வெறுத்தேன். அதனால் உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

அவர் இடுக்குகளில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டிய பிறகு, முழுசாக மூடவில்லை, ஆனால் விடாமல் அள்ளி ஊற்றினால் சமாளிக்கலாம் என்ற அளவுக்கு வந்தது. நானும் ஏறினேன். வேண்டாம் என்றார், அள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்தது. பொழுது சாய்கிற நேரத்தில் உன் கூரையை நெருங்கினோம். நீ குழந்தையை மடியில் போட்டுப் போர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இரண்டு நாள் மழையில் காய்ச்சல் கண்டு, இழுத்து இழுத்து, மத்தியானத்துக்கு மேல் அடங்கிவிட்டான் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். அப்பா கூரையைப் பிடித்துக்கொண்டு பேரனுக்காக இரண்டு கையையும் நீட்டினார். நீ கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தாய். "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாய். உங்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். திரும்பும்போது தண்ணீர் அவ்வளவாக ஊறவில்லை. பலகை அடைத்துக்கொண்டுவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு தரம் குனிந்து, மூடிக்கொண்ட இடுக்கைத் தொட்டுப் பார்த்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நீ நம்புகிறாய். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, கோமதி, அதைப் பற்றி நான் உன்னோடு வாதாட மாட்டேன். ஆனால் அன்று அவர் பயந்து நின்றார் என்பது உண்மையில்லை. அவர் பயம் முழுவதும் அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துபோயிருந்தது. அந்தப் பயம்தான் படகைக் காயவைத்தது.

நீங்கள் ஈரோட்டுக்குப் போன பிறகு ஒரு வருஷம் அவர் அதன் பக்கமே போகவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் பல்பைக் கழற்றினார், கரியையும் சுண்ணாம்புச் சட்டிகளையும் தூக்கிக் குப்பையில் போட்டார், கூண்டின் இரண்டு முனையையும் திறந்துவிட்டார். ஈரச்சாக்குகளைப் பலகை மேல் விரித்து, அது காயக்காய நனைத்தார். அதற்குப் பிறகு வெள்ளம் வந்தபோதெல்லாம் அந்தப் படகு போயிருக்கிறது. உன் பழைய ஊருக்கும் போயிருக்கிறது. உன் மாமனாரின் அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்தது அதில்தான். ஊறாமல் போய் ஊறாமல் வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவார். யாரைக் காப்பாற்றி வந்தாலும் அப்படித்தான். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மகள் வள்ளி, வாய்க்கால் பக்கமே போகக்கூடாது, மழையில் பள்ளிக்கூடம் போகக்கூடாது, கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது என்று நீ வைத்திருப்பதாக மாப்பிள்ளை போன தடவை வந்தபோது சொன்னார். பெற்றவளுக்கு அந்த நடுக்கம் இருக்காதா? எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்கிறேன், அவளை நீச்சல் பழக விடு. யாராவது பக்கத்தில் நிற்க, நீயும் நின்று பார்க்க, தண்ணீரில் இறங்கட்டும். பயத்தோடு மூடி வைக்கிறவர் ஒருவரை நான் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். அவரை விடப் பிரியமாக யாரும் மூடி வைக்க முடியாது.

படகை விறகுக்குப் போடவில்லை. போன வாரம் கோவிந்தன் டிராக்டர் கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏரிக்கரைப் பக்கம் அவர்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, சுவர் இல்லாமல் கூரை மட்டும் போட்ட கொட்டகை ஒன்று கட்டியிருக்கிறார்களாம். அப்பா எழுந்து வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"தரையில வைக்காத, கட்டை மேல தூக்கி வை. தார்ப்பாய் பலகையில பட்டுறக் கூடாது. ரெண்டு பக்கமும் காத்து போகணும். அடி அடைப்பப் பிடுங்கி வை, எடுக்கும்போது மறக்காமப் போடு. மழைக்கு முன்னால ஈரச்சாக்கு. கேட்டியா? ஊறவும் விடாத, காயவும் விடாத."

"சரிங்க சார். நான் பாத்துக்கறேங்க. நீங்க உள்ள போய்ப் படுத்துக்கினு இருங்க" என்றான் கோவிந்தன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். தோட்டத்தில் அது நின்ற இடம் புல் முளைக்காமல் வெள்ளையாகக் கிடக்கிறது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

மாத முடிவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மெட்ராசுக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். தனியாக என்னால் முடியவில்லை, கோமதி. இதுவரைக்கும் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நான் மட்டும் உன்னிடம் வர மாட்டேன். நீ வா. அவரிடம் பேசக்கூட வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும். வண்டியில் அவருடைய அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், விழாமல் பிடித்துக்கொள்ள. அதற்காவது வா.

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் அவர் விழித்துக்கொண்டார். "யாருக்கு இம்புட்டு நீளமா எழுதுத?" என்று கேட்டார். மறைக்கவில்லை. "கோமதிக்கு. அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அதையெல்லாம் அடிச்சிரு. அப்பா வந்தாருன்னு மட்டும் எழுது."

பேனாவை எடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பிந்தி வந்தாருன்னும் எழுதுட்டி."

எதையும் அடிக்கவில்லை. அவர் சொன்ன இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா